வாலுக்குப் போகிற தண்ணீர்

உரக்கடைக்கு மேல்மாடி, திருத்துறைப்பூண்டி.
இரவு பத்திலிருந்து ஆறு வரை எங்கள் முறை.
கீழே யூரியா நெடி, மேலே ஒன்பது திரைகள்.
ஒன்பதிலும் ஒரே வால்வெள்ளி,
மூட்டத்தில் வேகாமல் மிஞ்சிய கட்டை மாதிரி.

பாறையைக் கண்டால் கட்டம் போடு.
குழியைக் கண்டால் வட்டம் போடு.
சந்தேகமென்றால் விட்டுவிடு.
படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.
எந்த நாட்டுக்காரன் அனுப்பிய கலம் என்று
செங்கொடி விசாரித்துச் சொன்னாள்.
நான் மறந்துவிட்டேன்.

இறங்கிய பொறிக்கு வாயில் நுழையாத பெயர்.
நாங்கள் நத்தை என்றோம்.
பூமியில் நூறு கிலோவாம்.
அங்கே ஒரு கிராம் தங்கத்தின் கனம்,
அடகுக்கடையில் கிடக்கிற என் தோட்டில் கால்வாசி.
அதனால் இறங்கியது, எகிறியது,
இரண்டு மணி நேரம் மிதந்தது,
எங்கேயோ விழுந்தது.

தேடச் சொல்லி நாலாயிரம் படம் வந்தது.

அந்த வாரம் ஆற்றில் மணல்தான் ஓடியது.
மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
கல்லணை தாண்டிவிட்டது என்றார்கள்,
நீடாமங்கலத்தில் மூன்றாய்ப் பிரிந்தது என்றார்கள்,
கோரையாறு பாதிவரை ஈரம் என்றார்கள்.
நேரடியாய் விதைத்த நெல்
மண்ணுக்குள் மூச்சடக்கிக் கிடந்தது.

வைரக்கண்ணு லஸ்கர், ஷட்டருக்குப் பொறுப்பு.
என் புருஷன் என்பதெல்லாம் அப்புறம்.
தெருவில் யார் பார்த்தாலும்
சாவி அவன் இடுப்பில் இருக்கிற மாதிரியே கேட்பார்கள்.
ஆறரை மணிக்கு நான் வரும்போது
வாசலில் குந்தியிருந்தான், தூங்காத கண்ணோடு.

"அங்க தண்ணி உண்டா?"
"பூரா தண்ணிதான். கட்டியா உறைஞ்சு கிடக்கு.
சூரியன்கிட்ட வர வர ஆவியாப் போவும்."
"எங்க போவும்?"
"வாலுக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தலையில எவனும் அடைச்சு வச்சிக்கிறதில்லையா?"

அவன் சிரித்த சிரிப்பில்
எதிர்வீட்டு வாத்துகள் எழுந்து கத்தின.
பல் தேய்க்கும்போதும் சிரித்தான்.
"வாலுக்காம்" என்று
போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே
சைக்கிளை எடுத்தான்.

பன்னிரண்டாம் இரவு.
செங்குத்தாய் ஒரு சுவர், அடியில் நிழல்,
நிழலின் ஓரத்தில் வெள்ளையாய் மூன்று புள்ளி.
கயிறு பிடித்து நாற்று நட்ட கண்ணுக்கு
வரிசை தெரியும்.
பாறை வரிசையில் நிற்காது.
கட்டம் போடவில்லை, வட்டம் போடவில்லை.
குறிப்புப் பெட்டியில் தமிழிலேயே எழுதினேன்:
நத்தை.

காலையில் பதில் வந்தது.
அதே படத்தைப் பார்த்த ஐந்து பேரில்
நாலு பேர் பாறை என்றிருக்கிறார்கள்.
பெரும்பான்மைப்படி அது பாறை.
தவறுக்குப் பிடித்தம் எழுபது காசு.

விடக்கூடாது என்றாள் செங்கொடி,
பெயர் வைத்தவர்கள் கேட்டால் பூரித்திருப்பார்கள்.
ஆங்கிலத்தில் மனு எழுதினாள், இரண்டு தடவை.
வால்வெள்ளிக்குச் சொல்லி அனுப்பினாலே
இருபத்தாறு நிமிஷத்தில் போய்ச் சேருமாம்.
மனு எங்கே நின்றதோ.

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
வாய்க்கால் கரையில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கோடையெல்லாம் மூடி போட்டுச் சேற்றில் புதைந்து
செத்த கல்லாய்க் கிடந்தவை
ஒவ்வொன்றாய் மூடி விலக்கின,
கொம்பு நீட்டின.
நாலு பேர் பார்த்திருந்தால்
நேற்றுவரை கல் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆடி போய், ஆவணியும் பாதி போயிற்று.
இப்போது எங்களுக்கு வேறு வேலை,
ஏதோ ஊர்த் தெருவில் நாய்களுக்குக் கட்டம் போடுகிறோம்.
டீக்கடைப் பேப்பரில் ஆறாம் பக்கம்:
வால்வெள்ளி திரும்பியதில்
சுவரடி நிழலில் வெயில் ஏறி
பொறி விழித்துக்கொண்டதாம்.
பதினோரு நொடி பேசியதாம்.
என்ன சொன்னது என்று படித்தேன்.
குளிர் எவ்வளவு என்று மட்டும்
சொல்லியிருக்கிறது.

பேப்பரை மடித்து வைத்தேன்.
செங்கொடி மூன்றாவது மனுவுக்கு
உட்கார்ந்துவிட்டாள்.
எழுபது காசு.